தீயணைப்பு, ஆம்புலன்ஸ், போலீஸ் வீடுகளிலிருந்து வந்த கேள்விகள்: குடியும் தூக்கமும்

வணக்கம். சிங்கப்பூரில் அடிமைப் பழக்கச் சிகிச்சையில் பல வருடம் தாதியாக இருந்துவிட்டு இப்போது ஆலோசகராக வேலை பார்க்கிறேன். சீருடைப் பணியில் இருப்பவர்களும் அவர்கள் வீட்டாரும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை எடுத்துவிட்டேன்.

யீஷூனிலிருந்து ஒரு மனைவி: அக்கா, கணவர் தீயணைப்பு வீரர். 24 மணி நேரம் வேலை, 48 மணி நேரம் ஓய்வு. ஒரு குழந்தையைக் காப்பாற்ற முடியாமல் போனதிலிருந்து ஓய்வு நாளில் குடிக்காமல் படுப்பதே இல்லை. பக்கத்து வீட்டில் சட்டி கருகினால்கூட எழுந்து போய் அடுப்படி, மீட்டர் பெட்டி, காரிடார் எல்லாம் பார்த்துவிட்டு வந்து இன்னும் ரெண்டு டின் பியர் திறப்பார். முதலில் குடியை விடட்டும், மனசை அப்புறம் பார்க்கலாம் என்கிறார் மாமியார். சரியா?

சரியில்லை தங்கச்சி. உங்கள் மாமியார் மட்டுமல்ல, ஒரு காலத்தில் மருத்துவ உலகமே அப்படித்தான் நினைத்தது. குடியை நிறுத்தி சில மாதம் ஆனால்தான் மனநலச் சிகிச்சைக்கு எடுப்பார்கள். அவர் குடிப்பதே அந்தக் குழந்தையின் முகம் வராமல் தூங்கத்தான் என்னும்போது, குடியை மட்டும் பிடுங்கினால் அவர் ராத்திரிக்கு என்ன செய்வார்? மூன்றாம் நாளே திரும்பக் குடிப்பார், உடனே "பார்த்தியா, இவன் திருந்த மாட்டான்" என்று எல்லோரும் சொல்லிவிடுவோம். இப்போது இரண்டையும் சேர்த்தே பார்க்கிறார்கள், அதுதான் முறை.

குடி சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மைதான். ஆனால் கனவு வரும் கட்டத் தூக்கத்தை முன்னிரவில் அமுக்கிவிடும், போதை இறங்கும் பின்னிரவில் அது மொத்தமாகக் கிளம்பும். விடியற்காலை மூன்று மணிக்கு வியர்த்து எழுந்து உட்காருவது இதனால்தான். அவர் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் குடித்திருக்க வேண்டும் என்று முடிவு கட்டுவார்.

சம்பவம் நடந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் கெட்ட கனவு, திடுக்கிடல், அந்த இடத்தைத் தவிர்ப்பது, சிடுசிடுப்பு எல்லாம் தொடர்ந்தால் அதிர்ச்சிக்குப் பின்னான மனஉளைச்சல், அதாவது பிடிஎஸ்டி, இருக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார். அதற்குப் பேச்சுவழிச் சிகிச்சைகள் உண்டு. ஒன்றில் அந்தச் சம்பவத்தைப் பாதுகாப்பான அறையில், உளவியலாளரோடு, திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பார்கள். பெரும்பாலும் 8 முதல் 15 வாரம், வாரத்துக்கு ஒரு தடவை. கேட்கவே கொடுமையாக இருக்கும், முதல் சில வாரம் கஷ்டம்தான், ஆனால் பயத்தின் பிடி தளர்வது நம் கண்ணுக்கே தெரியும். இஎம்டிஆர் என்று கண் அசைவை வைத்துச் செய்வதும் உண்டு, அதற்கும் நல்ல ஆதாரம் இருக்கிறது. கூடவே குடியின் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்து கொடுக்கலாம். பலதுறை மருந்தகத்திலிருந்து ரெஃபரல் வாங்கிப் போனால் அரசாங்க மருத்துவமனையில் மானியக் கட்டணம்தான்.

ஓய்வு பெற்ற போலீஸ்காரர், 62 வயது: தினமும் அரை பாட்டில் விஸ்கி, பல வருடமாக. பேரன் பிறந்திருக்கிறான். நாளையிலிருந்து ஒரு சொட்டுகூடத் தொடப்போவதில்லை.

அண்ணா, உங்கள் முடிவுக்கு வணக்கம். ஆனால் தயவுசெய்து வீட்டில் தனியாக, ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இவ்வளவு அளவு, இத்தனை வருடம் குடித்த உடம்பு திடீரென்று நின்றால் சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை குழப்பம், இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் வந்தால் அது உயிருக்கே ஆபத்து. அப்படி ஆனால் உடனே ஆம்புலன்ஸ் எண் 995 ஐக் கூப்பிடுங்கள். மன உறுதி இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, மூளை நரம்புகள் செய்யும் வேலை இது.

மனநலக் கழகத்தின் அடிமைப் பழக்கச் சிகிச்சைப் பிரிவை, நாம்ஸ் என்பார்கள், 6732 6837 இல் கூப்பிடுங்கள். மருத்துவர் கண்காணிப்பில் சில நாளுக்கு மாத்திரை கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், தயமின் என்ற வைட்டமின் பி1 ஐயும் சேர்ப்பார்கள். பார்க்கும்வரை வழக்கமான அளவை நீங்களாகச் சட்டென்று வெட்ட வேண்டாம். வீட்டில் யாரும் பாட்டிலைத் தூக்கி சிங்க்கில் ஊற்றவும் வேண்டாம்.

பெயர் வேண்டாம்: சிகிச்சைக்குப் போனால் சிஎன்பிக்கு, அதாவது போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கு, தகவல் போகுமா?

குடி, சூதாட்டம் என்றால் போகாது. போதைப்பொருள் என்றால், ஒருவர் அதற்கு அடிமை என்று கருதும் மருத்துவர் சட்டப்படி மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவுக்கும் சுகாதார அமைச்சுக்கும் தெரிவித்தாக வேண்டும். இதை மூடி மறைத்து உங்களை உள்ளே கூப்பிடுவது நியாயமில்லை என்பதால் நேராகவே சொல்கிறேன். அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள். பழக்கம் முற்ற முற்ற எல்லா வகையிலும் இழப்புதான் கூடும்.

தேசிய சேவையில் இருக்கும் தம்பி: ஆம்புலன்ஸில் வேலை. ஒரு மாடியிலிருந்து விழுந்த கேஸுக்குப் பிறகு சாப்பிட முடியவில்லை. எம்ஓவிடம், அதாவது பிரிவின் மருத்துவரிடம், சொன்னால் பிரிவே பேசும், ரெக்கார்டில் நிற்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

தம்பி, அப்படி ஒரு காட்சியைப் பார்த்த பிறகு சில நாள் சாப்பாடு இறங்காமல் இருப்பது இயல்பு. இரண்டு வாரம் தாண்டியும் இப்படியே இருந்தால், அல்லது இப்போதே தாங்க முடியவில்லை என்றால், சொல்லிவிடுங்கள். தீயணைப்பையும் ஆம்புலன்ஸையும் நடத்தும் குடிமைத் தற்காப்புப் படையிலும் போலீஸிலும் பயிற்சி பெற்ற சக ஊழியர்கள், பாராகவுன்சிலர்கள், இருக்கிறார்கள். எம்ஓவிடம் போகத் தயக்கம் என்றால் அவர்களிடம் ஆரம்பியுங்கள். உங்கள் நண்பர்களில் ராணுவத்தில் இருப்பவர்களுக்கு ஆலோசனை எண் 1800-278-0022.

ரகசியம் பற்றி: நீங்கள் சொல்வது பிரிவு முழுக்கப் பரவக்கூடாது. ஆனால் உங்கள் உயிருக்கோ மற்றவர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் ஆலோசகர் சும்மா இருக்க முடியாது, மேலே சொல்லித்தான் ஆக வேண்டும். கொஞ்ச நாள் வேறு வேலையில் போடவும் செய்யலாம். அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மாத்திரைக்கு அடிமையாகிவிடுவேனா?

பிடிஎஸ்டிக்கும் மனச்சோர்வுக்கும் கொடுக்கும் செர்ட்ரலின் வகை மாத்திரைகளுக்கு அந்த ஏக்கம் வராது, ஆனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. டையாஸெபாம் வகைத் தூக்க மாத்திரைக்கு அடிமையாகலாம், பிடிஎஸ்டிக்கு அது நல்லதும் இல்லை. மதுவோடு சேர்த்தால் மூச்சே அடங்கிப்போகலாம். நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள்.

முன்னாள் ராணுவ வீரர்: அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்குத் தனி மருத்துவமனைகள் இருக்கின்றன. நமக்கு?

அங்கே வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள் போராடியதும் சேர்ந்துதான் 1980 இல் பிடிஎஸ்டி அதிகாரபூர்வ நோய்ப் பட்டியலில் ஏறியது. நமக்கு அப்படிப் போர் இல்லை, எல்லோரும் பொது மருத்துவமனைக்குத்தான் போகிறோம். போர் இல்லை என்பதால் காயமும் இல்லை என்று நினைப்பதுதான் எனக்கு ஆற்றாமை. 1986 மார்ச் 15 இல் சிராங்கூன் சாலையில் நியூ வேர்ல்டு ஹோட்டல் இடிந்தபோது 33 பேர் இறந்தார்கள், 17 பேரை உயிரோடு மீட்டார்கள். அந்த இடிபாட்டுக்குள் ஊர்ந்துபோனவர்களும் மனிதர்கள்தானே. பணியில் இருக்கும்வரை பிரிவு கூட நிற்கும், ஓய்வு பெற்ற பிறகு கேட்க ஆள் இல்லை. சீருடையில் இருந்தவர்கள் மட்டும் உட்கார்ந்து பேசும் குழுக்கள் ஒவ்வொரு வட்டாரத்திலும் வர வேண்டும் என்பது என் ஆசை. "உனக்கு என்ன தெரியும்" என்று என்னிடம் எகிறும் ஆள், அதே வேலை பார்த்தவரிடம் பேசுவார்.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு அக்கா: தம்பி வரவே மாட்டேன் என்கிறான். "செத்துப்போனால் தேவலை" என்றும் சொல்லிவிட்டான்.

அந்த வார்த்தையைப் போதையில் சொன்னது என்று விட்டுவிடாதீர்கள். நிதானமாக இருக்கும்போது "சாகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாதீர்கள். தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்ஓஎஸ் 1767, தேசிய மனநல எண் 1771, மனநலக் கழகம் 6389 2222, மூன்றும் 24 மணி நேரம். உடனடி ஆபத்து என்றால் 995. தற்கொலை முயற்சி 2020 இலிருந்து இங்கே குற்றமில்லை, போலீஸ் வழக்குக்குப் பயந்து மறைக்க வேண்டாம். அவன் வராவிட்டாலும் நீங்கள் மட்டும் நாம்ஸில் ஆலோசனை கேட்கலாம், வீட்டாரையும் பார்ப்பார்கள்.

கேள்வி: அப்பாவுக்கு ஆங்கிலம் சரளமில்லை. தமிழில் பேச ஆள் கிடைப்பார்களா?

முன்பதிவு செய்யும்போதே தமிழில் பேச வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், ஏற்பாடு செய்ய அவர்களுக்கும் நேரம் வேண்டும். மகளையோ மகனையோ மொழிபெயர்க்க உட்கார வைக்காதீர்கள். எத்தனை பாட்டில் என்பதைக்கூட அப்பா உங்கள் முன்னால் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வார், மருந்தின் அளவோ அந்தக் கணக்கை வைத்துத்தான் முடிவாகும்.