மைக்கா தகடும் வெள்ளைப் பசையும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை ஆலையின் மின்பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். ஆலை கழித்துப்போட்ட பழைய பவர் சப்ளை ஒன்றையும் மின்அலைகளைத் திரையில் காட்டும் டெக்ட்ரானிக்ஸ் 465 ஆஸிலோஸ்கோப் ஒன்றையும் வீட்டில் பழுதுபார்த்து வருகிறேன். பவர் சப்ளையில் 2என்3055 டிரான்சிஸ்டர்களுக்கு அடியில் மைக்கா என்ற மெல்லிய கனிமத் தகடு இருக்கிறது. அதில் பூசியிருந்த வெள்ளைப் பசை சுண்ணாம்புபோல் காய்ந்திருக்கிறது. ஈப்போ கடையில் கணினிக்கான விலை உயர்ந்த பசையை வாங்கச் சொல்கிறார்கள். கார் பட்டறை வைத்திருக்கும் என் மருமகனோ மின்காப்பு கிரீஸ் ஒன்றைக் கொடுத்து, "இது மின்சாரத்தைக் கடத்தாது, பிறகு மைக்கா எதற்கு?" என்கிறார். எதைப் பூசுவது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

மைக்காவை மட்டும் எடுத்துவிடாதீர்கள். 2என்3055இன் உலோக உறையே அதன் கலெக்டர் என்ற மின்முனை என்பதால், அந்த உறைக்கும், சூட்டை வாங்கி வெளியேற்றும் உலோக வெப்பத்தகட்டுக்கும் நடுவே காப்பாக நிற்பது மைக்கா ஒன்றுதான். அந்த கிரீஸ் மின்சாரத்தைக் கடத்தாதது உண்மையே என்றாலும், திருகை முறுக்கியதும் அது ஓரங்களில் பிதுங்கி வெளியேறிவிடும். உலோகத்தின் மேடுகள் ஒன்றையொன்று தொட்டுவிடும். சில கருவிகளில் வெப்பத்தகட்டையே கருவியின் உலோகச் சட்டமான சேசிஸிலிருந்து பிரித்துப் பொருத்தி, மைக்கா இல்லாமலே அமைத்திருப்பார்கள். உங்களுடையதில் மைக்கா இருந்ததென்றால் அது இருந்தே ஆகவேண்டும்.

பசையின் வேலை காற்றை வெளியேற்றுவது. காற்றின் வெப்பக் கடத்துதிறன் மீட்டருக்கு, கெல்வினுக்கு ஏறத்தாழ 0.026 வாட், சிலிக்கோன் எண்ணெயில் துத்தநாக ஆக்சைடு கலந்த சாதாரண வெள்ளைப் பசைக்கு அது 0.7 அளவில் இருக்கிறது. மைக்காவைப் பசையின்றி வைத்தால் ஒவ்வொரு வாட்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் சூடு கூடும். இருபுறமும் மெல்லப் பூசினால் அது அரை டிகிரிக்குள் அடங்கும். 30 வாட் வெப்பம் வெளிவரும் டிரான்சிஸ்டருக்கு இது இருபது டிகிரிக்கும் மேற்பட்ட வேறுபாடு.

ஈப்போ கடைக்காரர் சொல்லும் பசையின் வெப்பக் கடத்துதிறன் 8 என்று அதன் உறையில் அச்சிட்டிருக்கலாம். ஆனால் உங்கள் அமைப்பில் பெரிய தடை மைக்காவேதான். பசையை எவ்வளவு உயர்த்தினாலும் அதே 30 வாட்டில் மூன்று நான்கு டிகிரிக்கு மேல் குறையாது. அதற்காகக் கூடுதல் ரிங்கிட் கொடுப்பது வீண் என்பது என் கருத்து. கணினிப் பசைகளில் உலோகத்துகள் கலந்தவையும் உண்டு. காலியம் என்ற உலோகம் சேர்ந்த திரவ உலோக வகையோ மின்சாரத்தையும் கடத்தும், அலுமினிய வெப்பத்தகட்டையும் அரித்துவிடும். எனவே வெள்ளைப் பசையையே வாங்குங்கள்.

மருமகன் கொடுத்த கிரீஸும் வீண்போகாது. அதன் வெப்பக் கடத்துதிறன் குறைவு என்பதால் டிரான்சிஸ்டருக்கு உதவாது. ஆனால் உங்கள் ஆஸிலோஸ்கோப்பின் படக்குழாயில் பல்லாயிரம் வோல்ட் செல்லும் ஆனோட் முனையின் ரப்பர் மூடிக்கு அதுதான் ஏற்றது. மழை ஓயாத நம் ஊரில், தகரக் கொட்டகையில் கிடந்த கருவியென்றால் அந்த மூடியைச் சுற்றித் தூசும் ஈரமும் சேர்ந்து மின்கசிவுக்கு வழி செய்திருக்கும். தேங்கிய மின்னூட்டத்தை முறையாக வெளியேற்றிய பிறகு, கண்ணாடியையும் ரப்பரையும் ஐசோபிரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிட்டு, ரப்பரின் விளிம்பில் மட்டும் மெல்லிய படலமாகத் தடவுங்கள். மூடி சிலிக்கோன் ரப்பராக இருந்தால் சிலிக்கோன் கிரீஸ் அதை நாளடைவில் உப்பவைக்கும், தாராளம் வேண்டாம்.

இரண்டு கிரீஸுக்கும் பொதுவான தொல்லை, சிலிக்கோன் எண்ணெய் பரவும் என்பது. சுவிட்ச், ரிலே தொடுமுனைகளில் அது படிந்தால், தீப்பொறி படும்போது சிலிக்காவாக மாறித் தொடர்பைக் கெடுக்கும். கிரீஸ் தொட்ட விரலோடு 465இன் சுவிட்சுகளுக்குள் கைவைக்காதீர்கள்.

காய்ந்த பசையை அதே ஆல்கஹாலையும் பிளாஸ்டிக் சுரண்டியையும் கொண்டு எடுக்கலாம். மைக்காவுக்குப் பதில் வெள்ளைப் பீங்கான் தகடு இருந்தால் அது பெரிலியம் ஆக்சைடாக இருக்கக்கூடும். அதன் தூள் நுரையீரலுக்கு நஞ்சு. அதைத் தேய்க்கவோ உடைக்கவோ கூடாது.

எல்லாம் பொருத்தியபின், மின்சாரம் கொடுக்கும் முன், உறைக்கும் வெப்பத்தகட்டுக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். தொடர்பு காட்டினால் துளை விளிம்பின் பிசிறு மைக்காவைக் குத்தியிருக்கும், அல்லது திருகைச் சுற்றிக் காப்பாக நிற்கும் பிளாஸ்டிக் புஷ் உடைந்திருக்கும். பிசிறை அராவி எடுத்துவிட்டுப் புதிய மைக்கா போடுங்கள்.