தொலைக்காட்சிக் குசினி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் 'குக் வித் கோமாளி'யைத் தவிர வேறொன்றும் பார்ப்பதில்லை. என் தம்பியோ அது வெறும் கூத்து, 'மாஸ்டர்செஃப் அவுஸ்திரேலியா'தான் சமையல் நிகழ்ச்சி என்கிறான். இராச்சாப்பாட்டு வேளையில் நாளும் வாக்குவாதம். யார் பக்கம் நியாயம்?
– வாசகி ஒருவர், கொக்குவில்

பதில்: சகோதரி, இரண்டுமே போட்டிகள் என்பதை மாமனும் மருமகளும் மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. 2019 நவம்பரில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய 'குக் வித் கோமாளி' தன் இயல்பை மறைத்ததேயில்லை. சமைக்கத் தெரிந்தவரோடு தெரியாதவரைச் சோடி சேர்த்து, அந்தத் தெரியாமையிலிருந்தே சிரிப்பை எடுப்பதுதான் அதன் ஏற்பாடு. அதன் நடுவர்களில் செஃப் தாமு நிதானமானவர். 2024 வரை அவரோடு நடுவராக இருந்த வெங்கடேஷ் பட் கோமாளிகளைத் துரத்தியவர். இதே பட் 'சமையல் சமையல்' நிகழ்ச்சியில் தனியாக அடுப்படியில் நின்றபோது, வெங்காயத்தை எந்த நிறம் வரை வதக்க வேண்டும், அதை ஏன் அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர். ஆள் ஒருவர்தான், நிகழ்ச்சி மாறியதும் அவரிடம் நாம் பெறுவதும் மாறிவிட்டது. 2024இல் அவர் விலகிச் சன் தொலைக்காட்சியின் 'டாப் குக்கு டூப் குக்கு'வுக்குச் சென்றபோது, அவர் எங்கே போகிறாரோ அங்கே நாமும் என்று பல வீடுகளில் அலைவரிசையை மாற்றிக்கொண்டதை நானே கண்டேன்.

உங்கள் தம்பியின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. 2009 முதல் 2019 வரை அவுஸ்திரேலிய நிகழ்ச்சியில் நடுவர்களாக இருந்த ஜோர்ஜ் கலொம்பாரிஸ், கேரி மெஹிகன், மட் பிரெஸ்டன் ஆகிய மூவரில் முதல் இருவர் சமையற்கலைஞர்கள், மூன்றாமவர் உணவைப் பற்றி எழுதுபவர். ஒரு கறி சரியில்லையென்றால் புளி கூடிவிட்டதா, இறைச்சியை ஆறவிடாமல் வெட்டிவிட்டார்களா என்று காரணத்தோடு சொல்வார்கள். நம் அலைவரிசைகளில் 'சூப்பர்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துவிடும் இடம் அதுதான். சிங்கப்பூரில் பிறந்த தமிழரான சசி செல்லையா 2018இல் அங்கே பட்டம் வென்றதையும், இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த கால்நடை வைத்தியர் பிரின் பிரதாபன் 2024இல் பிரித்தானிய மாஸ்டர்செஃப்பில் வென்றதையும் தம்பி தமக்குச் சாட்சியாகச் சொல்லிக்கொள்ளலாம். மகளைச் சிரிக்க விடுங்கள்.

கேள்வி: தொலைக்காட்சியில் சமைப்பவர்களுக்கு மட்டும் ஒருநாளும் கறி அடிப்பிடிப்பதில்லையே, எப்படி?
– வாசகர் ஒருவர், சாவகச்சேரி

பதில்: பிடிக்கும் ஐயா, பிடித்த சட்டியை நமக்குக் காட்டுவதில்லை. அமெரிக்காவில் 1963இல் தொடங்கிய 'த ஃப்ரெஞ்ச் செஃப்' நிகழ்ச்சியில் ஜூலியா சைல்ட் அம்மையார் சமைத்த காலத்தில் வெட்டி ஒட்டும் வசதி குறைவு. உருளைக்கிழங்கு அடை ஒன்றைத் தாச்சியோடு தூக்கிப் பிரட்டும்போது பாதி அடுப்பின்மேல் சிந்திவிட்டது. அவர் அதைக் கையால் அள்ளித் தாச்சிக்குள் போட்டு, குசினியில் தனியே நிற்கும்போது யார் பார்க்கப் போகிறார்கள் என்றார். துணிவில்லாமல் பிரட்டியதே பிழை என்றும் சேர்த்துச் சொன்னார். (அவர் கோழியை நிலத்தில் விழுத்தியதாக உலவும் கதை உண்மையன்று, விழுந்தது இந்த அடைதான்.) அன்று அந்த அடை சிந்தாமல் விழுந்திருந்தால், அதை எப்படிப் பிரட்டக்கூடாது என்பது பார்த்தவர் எவருக்கும் தெரிந்திருக்காது.

கேள்வி: தமிழ்நாட்டு நிகழ்ச்சியொன்றில் சொன்ன அளவை எழுதிவைத்து, அப்படியே மீன் குழம்பு வைத்தேன். மாமி ஒரு வாய் உண்டுவிட்டு, 'பிள்ளை, இது தடிமனுக்குக் குடிக்கிற மல்லித்தண்ணியோ?' என்று கேட்டுவிட்டார். நான் எங்கே பிழைவிட்டேன்?
– வாசகி ஒருவர், மானிப்பாய்

பதில்: நீங்கள் பிழை விடவில்லை, சொல்தான் பிழைவிட்டது. அவர்கள் 'மிளகாய்த்தூள்' என்பது செத்தல் மிளகாயை மட்டும் இடித்த தூள். அதனால்தான் அதற்குமேல் மல்லித்தூளைத் தனியே போடச் சொல்கிறார்கள். நம் வீட்டுப் போத்தலில் இருக்கும் தூளோ செத்தல் மிளகாயோடு மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் வறுத்துத் திரித்தது. அதையே மிளகாய்த்தூளாக எண்ணி 2 கரண்டி போட்டு, மேலும் 3 கரண்டி மல்லித்தூளையும் கொட்டினால், மல்லி இருமுறை வந்துவிடும், உறைப்பு பாதியாகிவிடும். மாமியின் நாக்கைக் குறைசொல்ல இடமில்லை.

இப்படிப் பொறிவைக்கும் சொற்கள் இன்னும் பல. அவர்களின் பூண்டு நமக்கு உள்ளி, சோம்பு நமக்குப் பெருஞ்சீரகம். இவையாவது பெயரளவில் மட்டுமே வேறு. 'சொதி'யில் பொருளே வேறு. திருநெல்வேலிச் சொதி பாசிப்பருப்பும் பல மரக்கறிகளும் சேர்ந்த விருந்துக் குழம்பு. நம்முடையது இடியப்பத்துக்கு ஊற்றும் மெல்லிய தேங்காய்ப்பாற் சாறு. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுண்டு: முதற்பாலைக் கடைசியில் விட்டு, அகப்பையை எடுக்காமல் துழாவி, கொதி வருமுன் இறக்கிவிட வேண்டும். ஒரு நிகழ்ச்சியில் தொகுப்பாளர் பேச்சு சுவாரசியத்தில் பாலை எரிவாயு அடுப்பின் முழுச் சுவாலையில் விட்டு நிற்பதைப் பார்த்தேன். சட்டியின் ஓரத்தில் பால் திரைந்து திட்டுத்திட்டாக மிதந்தது தெளிவாகத் தெரிந்தது. அடுத்த காட்சியில் வேறு கிண்ணத்தில் வெள்ளை வெளேரென்ற சொதி வந்துவிட்டது.

கேள்வி: கோர்டன் ராம்சே உண்மையிலேயே அவ்வளவு கோபக்காரரா?
– வாசகர் ஒருவர், பருத்தித்துறை

பதில்: அந்தப் பிரித்தானியச் சமையற்கலைஞரின் கோபம் நாட்டுக்கு நாடு மாறும். 2004இல் பிரித்தானியாவில் வெளிவந்த 'ராம்சேஸ் கிச்சன் நைட்மேர்ஸ்' தொடரில் அவர் நொடிந்த உணவகத்தின் கணக்கையும் குளிர்சாதனப் பெட்டியையும் பார்த்து, முதலாளியோடு இருந்து பேசுகிறார். அமெரிக்கப் பதிப்பில் அதே வேலைக்கு இடிமுழக்க இசையும் அலறலும் சேர்ந்துவிடுகின்றன. சிறுவர்கள் சமைக்கும் 'மாஸ்டர்செஃப் ஜூனியர்' பாருங்கள்; குனிந்து நின்று தட்டிக்கொடுக்கிறார்.

கேள்வி: நம் ஒடியற்கூழை உலகத் தொலைக்காட்சியில் செய்துகாட்ட ஒருவரைத் தெரிவுசெய்யச் சொன்னால் யாரைச் சொல்வீர்கள்?
– வாசகர் ஒருவர், குருநகர்

பதில்: போட்டி நிகழ்ச்சி எதுவும் சரிவராது. ஒடியல் மாவை, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மாவை, தண்ணீரில் ஊறவிட்டு, தெளிந்த நீரை வடித்து மாற்றிக் கசப்பைப் போக்குவதற்குள்ளேயே அவர்களின் கடிகாரம் அடித்துவிடும். பிறகு மீன்தலை, நண்டு, இறால், பலாக்கொட்டை, பயற்றங்காய், மரவள்ளிக்கிழங்கு, முருங்கையிலை என்று ஒவ்வொன்றையும் அதனதன் வேக்காட்டுக்கேற்பப் போட்டு, அரைத்த செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்து, கரைத்த மாவைக் கடைசியில் விட வேண்டும். பிலாவிலையைக் கோலி ஈர்க்குக் குத்தி அள்ளிக் குடிப்பதைத் தட்டில் அழகுபடுத்தவும் முடியாது.

என் தெரிவு பிரித்தானியத் தொலைக்காட்சிச் சமையற்காரர் கீத் ஃப்ளொய்ட். 1985இல் பி.பி.சி.யின் 'ஃப்ளொய்ட் ஒன் ஃபிஷ்' தொடரில் சமையலறையை விட்டு வெளியேறி, படகிலும் கரையிலும் அடுப்பு வைத்து, படப்பிடிப்பாளரையே 'சட்டிக்குக் கிட்ட வா' என்று அதட்டியவர். 2009இல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் உங்கள் ஊர்க் கரையிலேயே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருப்பார். சமைக்கும்போது அவர் கையில் எப்போதும் ஒரு வைன் கிண்ணம் இருக்கும். இங்கே அதற்குப் பதிலாக என்ன ஊற்றிக் கொடுப்பது என்பதைப் பனையடியில் நிற்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.