வாசகர் கேள்வி–பதில்: பேச்சு மன்றத்தில் உங்கள் முறை எப்போது?

மேடையில் பேசப் பழகுவதற்காக உறுப்பினர்கள் தமக்குள் கூடி நடத்தும் பேச்சு மன்றங்களைப் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இந்த இதழில் பதில் அளிக்கப்படுகிறது. எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

கேள்வி: எங்கள் மன்றம் மாதத்திற்கு ஒருமுறைதான் கூடுகிறது. ஓராண்டாகத் தவறாமல் சென்றும் என் பேச்சில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. வாரந்தோறும் கூடும் மன்றம் ஒன்றில் சேர்ந்துவிடலாமா?

பதில்: அப்படியொரு மன்றம் அருகில் இருந்து, உங்களுக்கு நேரமும் இருந்தால் தாராளமாகச் சேருங்கள், அடிக்கடி பேசுகிறவர் விரைவில் தேறுவார் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். உறுப்பினர்கள் 20 பேர், கூட்டத்திற்கு ஆயத்த உரைகள் மூன்று என்று வைத்துக்கொண்டால், ஓராண்டில் 36 உரைகளுக்குத்தான் இடம் உண்டு. ஒருவருக்கு இரண்டு உரைகூட முழுதாகக் கிடைக்காது. ஓராண்டாகச் சென்று வருவதாகச் சொல்லும் உங்கள் கடிதம், அதில் எத்தனை முறை எழுந்து நின்று பேசினீர்கள் என்பதைச் சொல்லவில்லை. பேசாத மாதங்களில் நீங்கள் அவையோராக இருந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். வாரந்தோறும் கூடும் மன்றத்திலும் பின்வரிசையே கதி என்று அமர்ந்திருந்தால் முடிவு இதுவாகத்தான் இருக்கும்.

மாதக் கூட்டத்தை வைத்துக்கொண்டே செய்யக்கூடியவை இரண்டு உண்டு. ஒன்று, ஆயத்த உரை கிடைக்காத மாதங்களில் வேறு ஏதேனும் ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குவது. நேரக் காப்பாளர் எழுந்து விதிகளை ஒரு நிமிடத்தில் தெளிவாக விளக்குவதும், நிகழ்ச்சி நடத்துபவர் அடுத்த பேச்சாளரை நான்கு வாக்கியங்களில் அறிமுகப்படுத்துவதும் பேச்சுதான். சொல்லப்போனால், குறுகிய நேரத்தில் பிசிறில்லாமல் பேச வேண்டியிருப்பதால் அவை நல்ல பயிற்சி.

மற்றொன்று, பல மன்றங்கள் விரும்பாத யோசனை: ஒருமுறை பேசிய உரையையே, கிடைத்த குறைகளைத் திருத்திக்கொண்டு, மறுமுறையும் பேசுவது. ஒவ்வொரு முறையும் புதிய தலைப்பில்தான் பேச வேண்டும் என்று உறுப்பினர்கள் எண்ணிக்கொள்கிறார்கள். அதனால் ஒவ்வொரு உரையும் முதல் வரைவாகவே நின்றுவிடுகிறது. எந்த உரையும் இரண்டாவது வடிவத்தைக் காண்பதில்லை. இடைப்பட்ட நான்கு வாரங்களில் அந்த உரையைக் கைபேசியில் பதிவு செய்து, கேட்டு, தொய்வான பகுதியை வெட்டிவிட்டு மீண்டும் பேசிப் பாருங்கள். மாதம் ஒருமுறை கூடும் மன்றத்தின் நீண்ட இடைவெளி இந்த வேலைக்கு வசதியானது. அடுத்த வாரமே மேடை ஏற வேண்டியவருக்கு இத்தனை அவகாசம் கிடைப்பதில்லை.

கேள்வி: ஒவ்வோர் உரைக்கும் ஓர் உறுப்பினர் மதிப்பீடு சொல்வது எங்கள் மன்ற வழக்கம். எனக்கு இதுவரை கிடைத்தவையெல்லாம் “மிக அருமை, இன்னும் சிறப்பாகச் செய்யலாம்” என்ற வகையைச் சேர்ந்தவை. கடந்த கூட்டத்தில் ஒருவர் மட்டும் என் உச்சரிப்பை எல்லோர் முன்னிலையிலும் கேலியாக நடித்துக் காட்டினார். இவற்றுள் எது மேல்?

பதில்: இரண்டுமே மதிப்பீடு அல்ல. முதலாவது உபசாரம், இரண்டாவது மதிப்பிட்டவர் தமக்காக நடத்திக்கொண்ட தனி நிகழ்ச்சி.

பேச்சு மன்றத்தில் ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது. இன்று பல நாடுகளில் பரவியிருக்கும் டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களின் முதல் கூட்டத்தை 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா நகரில் ரால்ஃப் ஸ்மெட்லி நடத்தினார். உறுப்பினர்கள் முறைவைத்துப் பேசி, ஒருவர் பேச்சை மற்றவர் மதிப்பிட்டுக் கற்றுக்கொள்ளும் முறையே அந்த மன்றங்களின் அடித்தளம். ஆசிரியர் இல்லாத வகுப்பில் மதிப்பீடும் இல்லையென்றால் அங்கே கற்பிக்க எதுவும் மிஞ்சாது. ஆகவே மன்றத்தில் மிகுந்த பொறுப்புடையது பேச்சாளரின் இடமா, மதிப்பீட்டாளரின் இடமா என்று என்னைக் கேட்டால், தயங்காமல் மதிப்பீட்டாளரின் இடம் என்பேன்.

நல்ல மதிப்பீடு உரைக்கு முன்பே தொடங்குகிறது. மதிப்பீட்டாளர் பேச்சாளரிடம் சென்று, “இன்று எதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்?” என்று கேட்க வேண்டும். உரை நடக்கும்போது அவர் எழுதிக்கொள்ள வேண்டியது தம் கருத்தையல்ல, நடந்ததை. “தொடக்கம் நன்றாக இருந்தது” என்பது கருத்து. “கேள்வியைக் கேட்டுவிட்டு மூன்று நொடி மௌனமாக நின்றீர்கள், அப்போது எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள்” என்பது நடந்தது. பின்னதைக் கேட்டவர் அடுத்த முறையும் அதைச் செய்வார். முன்னதைக் கேட்டவருக்கு எதைத் தொடர்வது என்றே தெரியாது. குறைக்கும் இதுவே பொருந்தும். “குரலில் ஏற்ற இறக்கம் போதாது” என்பதை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் திருத்த முடியாது. “ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசிச் சொல்லிலும் குரல் அமுங்கிவிடுவதால் வினைச்சொல் பின்வரிசைக்குக் கேட்கவில்லை” என்றால் அன்றிரவே பயிற்சியைத் தொடங்கிவிடலாம். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில் வருவதால், இந்தக் குறை மற்ற குறைகளைவிடச் சேதம் மிகுந்தது. ‘செய்வோம்’ என்றாரா ‘செய்யோம்’ என்றாரா என்பதே அவைக்குத் தெரியாமல் போகும்.

இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் பத்துக் குறைகளை அடுக்குவதும் பயனற்றது. ஒரே ஒரு குறையை எடுத்து, அதற்கு மாற்றாக என்ன செய்திருக்கலாம் என்பதைச் செய்து காட்டினால் போதும். சொல்லும் முறையைப் பொறுத்தவரை பழைய முன்னுதாரணம் ஒன்று உண்டு: பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1727இல் பிலடெல்ஃபியாவில் தொடங்கிய ஜுன்டோ என்னும் விவாதக் கழகத்தில், கருத்துகளை அடித்துப் பேசுவதும் நேருக்கு நேர் மறுத்துரைப்பதும் நாளடைவில் தடை செய்யப்பட்டு, மீறுவோருக்குச் சிறு அபராதம் விதிக்கப்பட்டது. “உங்கள் முடிவுரை தவறு” என்பதற்குப் பதில் “முடிவுரை தொடங்கியது எனக்குப் புலப்படவில்லை” என்று சொன்னால், செய்தி குறையாது, கசப்பு குறையும்.

உங்களைக் கேலி செய்தவரைப் பற்றி மன்றத் தலைவரிடம் தனியே சொல்லுங்கள். அவை நடுவே பதிலடி கொடுக்க வேண்டாம். உபசாரம் மட்டுமே சொல்பவர்களிடம் கூட்டம் முடிந்த கையோடு, “நான் நீக்கியிருக்க வேண்டிய பகுதி எது?” என்று கேளுங்கள். நேராகக் கேட்கப்பட்ட கேள்விக்குப் பெரும்பாலானோர் நேராகவே பதில் சொல்வார்கள்.

கேள்வி: என் பெயரை அழைத்தவுடன் கை நடுங்குகிறது, வாய் வறண்டுவிடுகிறது. எல்லோருக்கும் அது தெரிந்துவிடுகிறதே என்ற எண்ணத்தில் தயாரித்ததெல்லாம் மறந்துபோகிறது. இதற்கு என்ன வழி?

பதில்: எல்லோருக்கும் தெரிவதில்லை என்பதே முதல் செய்தி. கென்னத் சவிட்ஸ்கி, தாமஸ் கிலோவிச் என்னும் உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவோர் தங்கள் பதற்றம் வெளியே தெரியும் அளவை மிகைப்படுத்தியே மதிப்பிடுகிறார்கள் என்று கண்டார்கள். உள்ளே நிகழும் பதற்றம் வெளியே அவ்வளவாகத் தெரிவதில்லை என்று முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள் என்பது அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி. வெறுமனே “பயப்படாதீர்கள்” என்பதைவிட இந்த ஒரு தகவல் அதிகம் உதவுகிறது.

மற்றவை சிறு ஏற்பாடுகள். பதற்றம் பொதுவாகப் பேச்சுக்குச் சற்று முன்பும் முதல் ஓரிரு நிமிடங்களிலும்தான் உச்சத்தில் இருக்கும் என்பதால், முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் அளவுக்கு மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மெல்லிய தாள் கை நடுக்கத்தைப் பெரிதாக்கிக் காட்டும். குறிப்புகளைத் தடித்த அட்டையில் எழுதுங்கள். கூட்டம் தொடங்கும் முன்பே சென்று, பேச வேண்டிய இடத்தில் ஒருமுறை நின்று பாருங்கள். மறந்துபோனால் மன்னிப்புக் கேட்க வேண்டாம். கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை நிதானமாக இன்னொரு முறை சொல்லுங்கள். அவை அதை அழுத்தம் என்றே எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: அப்படியானால் முழு உரையையும் மனப்பாடம் செய்துவிடலாமே?

பதில்: வேண்டாம். ஒரு சொல் தவறினால் அடுத்து வருவது அனைத்தும் தவறும். தொடக்கமும் முடிவும் நெஞ்சில் இருக்கட்டும். நடுப்பகுதிக்குக் குறிப்புகள் போதும்.

கேள்வி: ஏழு நிமிட உரைக்கு ஆயிரம் சொற்கள் எழுதிச் சென்றேன். பாதியைத் தாண்டியபோதே சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வலைத்தளங்களில் கண்ட கணக்கின்படிதான் எழுதினேன்.

பதில்: அது ஆங்கிலக் கணக்கு. நிமிடத்திற்கு 130 முதல் 150 சொற்கள் என்று அங்கே சொல்லப்படுவது தமிழுக்குப் பொருந்தாது. நம் மொழியில் வேற்றுமை உருபும் காலமும் இடமும் எண்ணும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் சொற்கள் நீளமானவை. ‘வரவேண்டியிருந்ததால்’ என்னும் ஒரே சொல்லுக்கு ஆங்கிலத்தில் நான்கைந்து சொற்கள் வேண்டும். உங்கள் வேகத்தை நீங்களே அளந்துகொள்வதுதான் சரி. நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை, அவையில் பேசும் நிதானத்தோடும் இடைநிறுத்தங்களோடும் உரக்கப் பேசி, நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன்பின் எத்தனை பக்கம் என்பதை முடிவு செய்யுங்கள்.

ஐந்து முதல் ஏழு நிமிட உரைக்கு வழக்கமாக ஐந்தாவது நிமிடத்தில் பச்சை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு என்று அடையாளம் காட்டுவார்கள். டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் போட்டிகளில் ஏழரை நிமிடத்தைத் தாண்டினால் தகுதி இழப்பு. பச்சை தெரியும்போது நீங்கள் முடிவுரைக்கு அருகில் இருக்குமாறு தயாரித்தால் பதற்றமில்லை. நேரம் மீறிப் பேசுவதை ஆர்வத்தின் அடையாளமாகச் சிலர் கருதுகிறார்கள். அது அடுத்துப் பேசவிருப்பவரின் நிமிடங்களை எடுத்துக்கொள்வது என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

கேள்வி: திடீர்த் தலைப்பு கொடுத்து இரண்டு நிமிடம் பேசச் சொல்லும் பகுதி வந்தால் ஒளிந்துகொள்ளத் தோன்றுகிறது.

பதில்: தலைப்பைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் சொல்ல முயல்வதால்தான் எதுவுமே வாய்க்கு வருவதில்லை. ‘மழை’ என்று தலைப்பு வந்தால் மழையின் சிறப்பைப் பட்டியலிடத் தொடங்காமல், நனைந்த ஒரு நாளைச் சொல்லுங்கள். எங்கே, யாரோடு, என்ன நடந்தது என்று மூன்று வாக்கியங்கள் வந்துவிட்டால் ஒரு நிமிடம் கடந்துவிடும். ஏதேனும் ஒரு கருத்தின் மேல் நிலைப்பாடு கேட்கப்பட்டால், ஒரு பக்கத்தை முதல் வாக்கியத்திலேயே தேர்ந்துகொள்ளுங்கள். அது உங்கள் வாழ்நாள் கொள்கையாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: ‘வந்து’, ‘அதாவது’, ‘பார்த்தீங்கன்னா’ போன்ற அசைச்சொற்களை எண்ணுவதற்கு எங்கள் மன்றத்தில் ஒருவர் இருக்கிறார். ஒவ்வொரு முறையும் அவர் மணி அடிப்பது சரியா?

பதில்: எண்ணுவது சரி, அடிப்பது சரியல்ல. மணியோசை பேச்சாளரின் கவனத்தைப் பொருளிலிருந்து நாக்குக்கு இழுத்துவிடுகிறது. அவர் மேலும் இரண்டு ‘வந்து’ சொல்லுவார். முடிவில் எண்ணிக்கையைத் தெரிவித்தால் போதும். எங்கே வந்தன என்பதையும் சேர்த்துச் சொல்வது நல்லது. பெரும்பாலும் ஒரு கருத்திலிருந்து அடுத்த கருத்துக்கு மாறும் இடத்தில்தான் அவை குவிந்திருக்கும். அந்த இணைப்பு வாக்கியங்களை முன்பே எழுதி வைத்துக்கொண்டால் பாதி குறைந்துவிடும்; மீதிக்கு, வாயை மூடி ஒரு நொடி நிற்கப் பழக வேண்டும்.

கேள்வி: நான் ஒரு மன்றத்தின் செயலாளர். தொடக்கத்தில் முப்பது பேர் வந்த மாதக் கூட்டத்திற்கு இப்போது பன்னிரண்டு பேர்தான் வருகிறார்கள். சிறப்பு விருந்தினர்களை அழைத்துப் பேசவைத்தும் பயனில்லை.

பதில்: பேசப் பழக வந்தவர்களை ஒன்றரை மணி நேரக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் வேறொருவர் பேச்சைக் கேட்க வைத்தால், அவர்கள் வராமல் இருப்பது இயல்பு. விருந்தினரை ஆண்டுக்கு ஒருமுறை வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர் என்பது குறைந்த எண்ணிக்கையும் அல்ல: மூன்று உரைகள், மூன்று மதிப்பீடுகள், நிகழ்ச்சி நடத்துபவர், திடீர்த் தலைப்புகளைத் தருபவர், நேரக் காப்பாளர், அசைச்சொல் எண்ணுபவர் என்று பத்துப் பேருக்கு வேலை இருக்கிறது, மீதி இருவரைத் திடீர்த் தலைப்புக்கு அழையுங்கள். ஒருவரும் வாய் திறக்காமல் வீடு திரும்பக்கூடாது. அடுத்த மாதப் பொறுப்புகளை இந்த மாதக் கூட்டம் கலைவதற்குள் பெயர் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள், பொறுப்புள்ளவர் வருவார். முதன்முறை வருபவரை உடனே மேடையேற்ற வேண்டாம், ஆனால் முடிவில் அவர் பெயரைச் சொல்லவாவது ஒரு வாய்ப்புக் கொடுங்கள்.

கேள்வி: கூட்ட முடிவில் சிறந்த பேச்சாளரை வாக்கெடுத்துத் தேர்ந்தெடுக்கிறோம். இதில் கவனிக்க வேண்டியது எது?

பதில்: நேரம் மீறியவர்களின் பெயரை முதலில் நீக்கிவிடுங்கள். வாக்குச் சீட்டுகளை மதிப்பீடுகள் தொடங்கும் முன்பே வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் அவை தான் கேட்ட உரைக்கு வாக்களிக்காமல், மதிப்பீட்டாளர் சொன்னதற்கு வாக்களித்துவிடும்.