மனு போடக் கூச்சப்படாதீர்கள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அரசின் நலத்திட்டங்களையும் தொண்டு நிறுவனங்களையும் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பல வருடங்களாக உதவித்தொகை மனுக்களோடும் அவற்றைக் கொண்டுவருகிறவர்களோடும் பழகியதில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒழுங்காக வரி கட்டுகிறேன். இல்லாதவர்களைப் பார்த்துக்கொள்வது அரசின் வேலை. அப்புறம் தொண்டு நிறுவனங்கள் எதற்கு?

பாதி ஒத்துக்கொள்கிறேன். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அரசுடையதுதான். ஆனால் ஒருவருக்கு என்ன தேவை என்பது முதலில் பக்கத்தில் இருப்பவர் கண்ணில்தான் படும். நோய் முற்றி, குணமாக்க வழியில்லாதவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். "இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று மருத்துவர்கள் கைவிரித்த காலத்தில், சிசிலி சாண்டர்ஸ் அதை ஏற்கவில்லை. செவிலியராகவும் மருத்துவமனைச் சமூகப் பணியாளராகவும் இருந்தவர் அவர். பிறகு மருத்துவமே படித்து, நன்கொடை திரட்டி, 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் என்ற இல்லத்தைத் திறந்தார். வலியைத் தணித்து, கடைசி நாள்வரை மனிதராக நடத்தும் அந்த முறை இன்று பல நாடுகளில் அரசு மருத்துவமனைகளிலேயே தனித் துறையாக இருக்கிறது.

பிரிட்டனின் நலத்திட்டங்களுக்கு அடித்தளமான 1942 அறிக்கையை எழுதியவர் வில்லியம் பெவரிட்ஜ். அரசின் தேசிய மருத்துவச் சேவை தொடங்கிய அதே 1948-இல், தன்னார்வத் தொண்டு ஏன் தொடர வேண்டும் என்று அவரே தனியாக இன்னொரு அறிக்கையும் எழுதினார். ஒன்று வந்தால் மற்றொன்று வேண்டாம் என்று அவர் நினைக்கவில்லை.

நான் நேர் எதிராகக் கேட்கிறேன். வரியைக் குறைத்துவிட்டால் மக்களே மனமுவந்து கொடுப்பார்களே? அரசு எதற்கு நடுவில்?

கொடுப்பார்கள், நல்ல காலத்தில். 1929-க்குப் பிறகு அமெரிக்காவில் வந்த பெருமந்தத்தை நினைத்துப் பாருங்கள். வேலை போனவர்கள் தொண்டு அமைப்புகளின் வாசலில் குவிந்தார்கள். நன்கொடை கொடுத்துவந்தவர்களுக்கும் அதே நேரத்தில்தான் கை இறுகியது. தேவை ஏறும்போது வரவு இறங்குவது தொண்டின் குற்றமல்ல. அது இயங்கும் விதமே அப்படி. 1935-இல் அங்கே சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஜெர்மனி அதற்கு வெகு முன்பே, 1883-இல் தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டையும் 1889-இல் முதியோர் ஓய்வூதியத்தையும் சட்டமாக்கிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. ஒரு குழந்தையின் இதய அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கேட்டால் சீக்கிரம் சேர்ந்துவிடும். மனநோயோடு தனியாக வாழும் 50 வயதுக்காரருக்கோ சிறையிலிருந்து வெளியே வந்தவருக்கோ கேட்டுப் பாருங்கள். இரக்கம் தனக்குப் பிடித்த முகத்தைத் தேடித்தான் போகும். லெஸ்டர் சாலமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1987-இல் தொண்டின் போதாமைகளை நான்காகப் பிரித்துச் சொன்னார்: திரளும் பணம் போதாது, சிலருக்குப் போய்ச் சிலருக்குப் போகாது, என்ன செய்வது என்பதைக் கொடுப்பவரே முடிவு செய்வார், பயிற்சி வேண்டிய வேலையை நல்ல மனதால் மட்டும் செய்யப் பார்ப்பார்கள். அதே சாலமன், இவற்றில் அரசு வலுவாக இருக்கிறது, அரசுக்கு வராதது தொண்டுக்கு வரும், ஆகவே இரண்டும் சேர்ந்துதான் ஓட வேண்டும் என்றும் வாதிட்டார். என் அனுபவமும் அதுதான்.

கணவர் இறந்து ஒரு வருடம் ஆகிறது. உதவித்தொகைக்கு மனு போட்டேன், தள்ளுபடியாகிவிட்டது. திரும்பப் போய்க் கை நீட்டக் கூச்சமாக இருக்கிறது.

அம்மா, இது கை நீட்டுவது இல்லை. 1948-இல் ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மனித உரிமைப் பிரகடனத்தின் 25-ஆம் பிரிவில், பாதுகாப்பு பெறும் உரிமை எந்தெந்த நிலையில் உண்டு என்று ஒரு வரிசை இருக்கிறது. வேலையின்மை, நோய், ஊனம், முதுமை ஆகியவற்றோடு கணவனையோ மனைவியையோ இழந்த நிலையும் அதில் இருக்கிறது. உங்கள் நிலையை நினைத்தே எழுதிவைத்திருக்கிறார்கள்.

உங்களைப் போலவே ஒருவர் சில வருடங்களுக்கு முன் என்னிடம் வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. மூன்று முறை மனு தள்ளுபடி. "எனக்குத் தகுதி இல்லை போலிருக்கிறது" என்றுதான் பேச்சையே தொடங்கினார். உறையில் இருந்த காகிதங்களை மேசையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் பரப்பினோம். திருமணப் பதிவு, வங்கிக் கணக்குப் புத்தகம், இறப்புச் சான்றிதழ். இறப்புச் சான்றிதழில் கணவர் பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. மற்ற எல்லாவற்றிலும் சரியாக இருந்தது. அந்த எழுத்துக்காகத்தான் மூன்று முறையும் மனு திரும்பியிருக்கிறது, அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் விரலை அந்த எழுத்தின் மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். திருத்தம் வாங்க இரண்டு மாதம் ஆனது. நான்காவது மனு ஏற்கப்பட்டது.

ஆகவே முதலில் தள்ளுபடிக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மேல்முறையீட்டுக்குக் கடைசித் தேதி இருக்கிறதா என்று அன்றைக்கே விசாரியுங்கள். பல இடங்களில் அந்தக் கெடு மிகவும் குறுகியது. கொடுக்கும் ஒவ்வொரு காகிதத்துக்கும் நகல் வையுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள், யாரிடம் எந்தத் தேதியில் பேசினீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தனியாகப் போக வேண்டாம். மனு எழுத உதவும் தொண்டு அமைப்பு பக்கத்தில் இருந்தால் அங்கே போங்கள்.

சும்மா கொடுத்துக்கொண்டே இருந்தால் சோம்பேறிகளைத்தானே வளர்க்கிறோம்?

இந்தப் பயம் பழையது. 1834-இல் இங்கிலாந்து இதை நம்பியே ஒரு சட்டம் போட்டது. உதவி வேண்டுமானால் ஏழையர் விடுதிக்குள் வா. உள்ளே இருக்கும் வாழ்க்கை வெளியே இருக்கும் மிக எளிய கூலியாளின் வாழ்க்கையைவிட மோசமாகவே இருக்கும் என்பது அதன் கொள்கை. அங்கே கணவனையும் மனைவியையும் பிள்ளைகளையும் தனித்தனியாகப் பிரித்துவைத்தார்கள். உள்ளே போனவர்களில் பெரும்பகுதியினர் யார்? முதியவர்கள், நோயாளிகள், ஆதரவற்ற குழந்தைகள். சோம்பேறித்தனத்துக்குப் போட்ட தண்டனையை அவர்கள்தான் அனுபவித்தார்கள்.

இன்றும் வளர்ந்த நாடுகளின் நலச் செலவில் பெரும்பங்கு ஓய்வூதியத்துக்கும் மருத்துவத்துக்கும்தான் போகிறது. வேலை செய்யக்கூடியவருக்குத் தரும் உதவியில் நிபந்தனை, கால வரம்பு பற்றியெல்லாம் பேசலாம், பேச வேண்டும். ஆனால் ஒருவரைச் சந்தேகித்துப் போடும் விதி இன்னும் பத்துப் பேரை வரிசையில் நிற்கவைக்கும் என்பதை நான் நாள்தோறும் பார்க்கிறேன்.

வசதியுள்ளவர்களுக்கும் சில உதவிகள் போகின்றனவே, வீண் இல்லையா?

வருமானம் பார்த்துக் கொடுத்தால் பணம் மிச்சம் என்று தோன்றும். ஆனால் பிரித்துப் பார்க்கவே சான்றிதழ், விசாரணை, அலுவலர் என்று செலவு உண்டு. அதைவிட, தவறு இரண்டு பக்கமும் நடக்கும். தகுதியில்லாதவர் உள்ளே வந்துவிட்டால் கொஞ்சம் பணம் போகும். தகுதியுள்ளவர் வெளியே நின்றுவிட்டால் ஒரு வீட்டில் அடுப்பு எரியாது. இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்கு மனம் வராது. மருத்துவம், பள்ளி, குழந்தைகளுக்கான உதவி, இவை எல்லோருக்கும் பொதுவாக இருக்கட்டும். வசதியுள்ளவரிடம் வரியில் வாங்கிக்கொள்ளலாம்.

பணமாகக் கொடுப்பதா, பொருளாகக் கொடுப்பதா?

கடையும் சந்தையும் ஓடுகிற இடத்தில் பணம். என்ன வாங்க வேண்டும் என்பது அந்த வீட்டுக்குத்தான் தெரியும். குடித்துத் தீர்த்துவிடுவார்கள் என்பீர்கள். உலக வங்கி ஆய்வாளர்கள் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பண உதவியால் மதுவுக்கும் புகையிலைக்கும் ஆகும் செலவு கூடியதாகத் தெரியவில்லை. வெள்ளமோ நிலநடுக்கமோ வந்து கடையே இல்லையென்றால் பொருள்தான்.

எங்கள் தொண்டு நிறுவனத்துக்கு அரசு ஒப்பந்தம் வருகிறது. எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம். ஜெர்மனியில் காரிதாஸ், டியாக்கனி போன்ற தேவாலயம் சார்ந்த தொண்டு அமைப்புகள் பெருமளவு பொதுப் பணத்தில்தான் முதியோர் இல்லங்களையும் மருத்துவமனைகளையும் நடத்துகின்றன. நான் கவலைப்படுவது உங்கள் வாயைப் பற்றி. அடுத்த வருட ஒப்பந்தம் அதே அலுவலகத்தின் கையில் இருக்கும்போது, அந்த அலுவலகம் செய்யும் தவற்றைச் சொல்லத் தயக்கம் வரும். மொத்த வரவும் அங்கிருந்தே வரும்படி விட்டுவிடாதீர்கள். சிறு நன்கொடைகள் கொஞ்சமாவது தனியாக வரட்டும், அந்தப் பணத்தில் மனுக்காரர்களுக்காக வாதாடுங்கள்.

உதவி வாங்குபவர்களைப் படம் எடுத்துப் போட்டால்தான் நன்கொடை வருகிறது. தவறா?

ஆம். இலவசப் பள்ளிப் பையை வாங்க வந்த பிள்ளையிடம் "மறுக்கலாம்" என்று சொன்னாலும் அது மறுக்காது, பை உங்கள் கையில் இருக்கிறதே. பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு, நீங்கள் கொடுக்கும் நோட்டுப் புத்தகத்தைப் படம் எடுங்கள்.

வாரம் 2 மணி நேரம்தான் முடியும். பணம் அதிகம் இல்லை. ஏதாவது உருப்படியாகச் செய்ய முடியுமா?

தாராளமாக முடியும். அரசு அலுவலகத்துக்குப் போகும் ஒருவரோடு கூடப் போங்கள். படிவத்தை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், காகிதங்களில் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள், முறை வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். வெளியே வரும்போது ஒப்புகைச் சீட்டு அவர் கையில் இருக்கிறதா என்று மட்டும் மறக்காமல் பாருங்கள்.