சல்பைடா, சல்பைட்டா?

வணக்கம் ஐயா,

என் மகள் பதினொன்றாம் வகுப்பு, தமிழ் வழியில் படிக்கிறாள். சேர்மங்களுக்குப் பெயரிடும் விதிகள் என்றாலே சலித்துக்கொள்கிறாள். “கார்பன் டைஆக்சைடுக்கு ‘டை’ உண்டாம். கால்சியம் குளோரைடில் இரண்டு குளோரின் இருந்தும் ‘டை’ கிடையாதாம். என்னம்மா கணக்கு இது?” என்கிறாள். செய்முறை வகுப்பு மட்டும் பிடித்திருக்கிறது. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா? வீட்டில் ஏதாவது சோதனை செய்ய விடலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் கேட்பது நல்ல கேள்வி. கால்சியம் அயனிக்கு (மின்சுமை பெற்ற அணுவுக்கு) எப்போதும் இரண்டு நேர் மின்சுமை. குளோரைடுக்கு ஒரு எதிர் மின்சுமை. ஆக, ஒரு கால்சியத்துக்கு இரண்டு குளோரைடுதான் வரும், வேறு மாதிரி வரவே முடியாது. தானாகத் தெரிவதைப் பெயரில் சொல்ல வேண்டியதில்லை. கார்பனும் ஆக்சிஜனும் அப்படியல்ல. ஒன்றுக்கு ஒன்று சேர்ந்தால் ஆளைக் கொல்லும் மோனாக்சைடு, ஒன்றுக்கு இரண்டு சேர்ந்தால் நாம் மூச்சில் வெளியே விடும் டைஆக்சைடு. அங்கே எண்ணிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். குழப்பம் வரக்கூடிய இடத்தில் மட்டும் எண்ணைச் சொல்வது, இதை அவள் பிடித்துக்கொண்டால் பாதி விதிகளை மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

இரும்பு, செம்பு, பாதரசம் போன்றவை ஒன்றுக்கு மேற்பட்ட ஆக்சிஜனேற்ற எண்ணோடு (சேர்மத்தில் அந்த அணுவின் மின்சுமையைக் காட்டும் எண்ணோடு) வரும். அதனால்தான் அந்த எண்ணைப் பெயருக்குள் ரோம எண்ணாக எழுதுகிறோம். சித்த மருத்துவத்தில் சொல்லும் பூரமும் வீரமும் பாதரசக் குளோரைடுகள்தான். பூரத்தில் பாதரசத்தின் எண் ஒன்று, வீரத்தில் இரண்டு. பூரம் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. வீரம் நன்றாகக் கரையும், அது கொடிய நஞ்சு. ரோம எண்ணைப் பெயருக்குள் வைக்கும் முறையை 1919இல் முன்வைத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ஆல்பிரட் ஸ்டாக். ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பாதரச ஆவியைச் சுவாசித்து, தலைவலியும் மறதியுமாக அவதிப்பட்டவரும் அவர்தான். காரணம் புரிந்ததும் 1926இல் அந்த ஆபத்தைப் பற்றி எழுதி மற்ற ஆய்வாளர்களை எச்சரித்தார். உடைந்த வெப்பமானியிலிருந்து உருளும் பாதரசத்தை விரலால் தொட்டு விளையாடும் பிள்ளைகளுக்கு நான் அவர் கதையைத்தான் சொல்வேன்.

பெயரையும் செய்முறையையும் தனித்தனியாகப் பார்ப்பதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். சோடியம் சல்பைடு, சோடியம் சல்பைட்டு, சோடியம் சல்பேட்டு மூன்றையும் தமிழில் வேகமாகப் படித்துப் பாருங்கள். முதல் இரண்டும் காதுக்கு அநேகமாக ஒன்றுதான். ஆனால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் சல்பைடிலிருந்து அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்பைடு வரும். அளவு கூடினால் மூக்கு அந்த நாற்றத்தை உணர்வதையே நிறுத்திவிடும், அதுதான் அதன் பெரிய ஆபத்து. சல்பைட்டிலிருந்து கந்தகம் எரிந்த நெடியோடு சல்பர் டைஆக்சைடு வரும். சல்பேட்டு அசையாது, அதைப் பேரியம் குளோரைடு ஊற்றித்தான் வெள்ளை வீழ்படிவாக (கரையாமல் பிரியும் திடப்பொருளாக) கண்டுபிடிக்க வேண்டும். உப்புப் பகுப்பாய்வு செய்யும் நாளில் இந்த மூன்று பெயரையும் வாய்விட்டுச் சொல்லி, வாய்பாட்டை எழுதி, அப்புறம் சோதனைக் குழாயை எடுக்கச் சொல்லுங்கள். வாயுவை முகர வேண்டுமென்றால் குழாய்க்கு மேல் மூக்கை வைக்காமல் கையால் விசிறி முகர வேண்டும்.

தரம்பார்த்தலுக்கும், அதாவது ஒரு கரைசலை அளந்து ஊற்றி இன்னொன்றின் செறிவைக் கண்டறிவதற்கும், இதே மாதிரி காரணம் கேட்கலாம். சொட்டுச் சொட்டாக ஊற்றும் அளவுக் குழாயான பியூரெட்டைத் தண்ணீரில் கழுவிய பிறகு, ஊற்றப்போகும் கரைசலாலும் அலச வேண்டும். உள்ளே தங்கிய நீர் கரைசலின் செறிவைக் குறைத்துவிடும். கூம்புக் குடுவையை மட்டும் வெறும் தண்ணீரில் அலசினால் போதும், கரைசலால் அலசவே கூடாது. பிப்பெட்டால் (உறிஞ்சி அளக்கும் குழாயால்) குடுவைக்குள் அளந்து விட்ட பொருளின் அளவு தண்ணீர் சேர்ந்தாலும் மாறாது. கரைசலால் அலசினால் அளக்காத பொருளும் கூடச் சேர்ந்துவிடும். ஏன் என்று தெரிந்த பிள்ளை இதைத் தேர்வில் மாற்றிச் செய்ய மாட்டாள்.

வீட்டில் அமிலச் சோதனை வேண்டாம் அம்மா. கழிப்பறை கழுவும் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் கலந்தாலே குளோரின் வாயு வரும். ஆனால் பெயர்ப் பயிற்சிக்கு வீடு நல்ல இடம். ஓஆர்எஸ் பொட்டலத்தைக் கொடுத்து, அதிலுள்ள உப்புகளுக்கு வாய்பாடு எழுதச் சொல்லுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் கலவையில் ஒரு லிட்டர் நீருக்குச் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், ட்ரைசோடியம் சிட்ரேட் டைஹைட்ரேட் 2.9 கிராம். கடைசிப் பெயரைப் பார்த்ததும், “சோடியத்துக்கு இங்கே மட்டும் ஏன் ‘ட்ரை’?” என்று கேட்பாள். சிட்ரிக் அமிலம் மூன்று ஹைட்ரஜனை விட்டுக்கொடுக்கும், அந்த இடங்களில் ஒரு சோடியமும் உட்காரலாம், இரண்டும் உட்காரலாம், மூன்றும் உட்காரலாம் என்று சொல்லுங்கள். ‘டைஹைட்ரேட்’ எதற்கு என்பதை அவளே சொல்லிவிடுவாள்.