அக்டோபர்ல மட்டும் வர்ற கோபம்

கேள்வி: 2013லேருந்து லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்ங்கற கம்ப்யூட்டர் கேமோட போட்டிங்களைப் பாக்குறேன். இருக்குறது வட அமெரிக்கா, அதனால இங்கத்த டீமுங்கதான் எனக்கு எல்லாமே. வருஷா வருஷம் உலகக் கோப்பை, அதான் வேர்ல்ட்ஸ் வருது, நம்பிக்கையோட உக்காருறேன், குரூப்லயே அடி வாங்கிட்டுத் திரும்பிடுறாங்க. இப்பல்லாம் மத்தவன் கலாய்க்கிறதுக்கு முன்னாடி நானே கலாய்ச்சிடுறேன், வலி கம்மியா இருக்கு. இவனுங்க சம்பளத்துக்குத்தான் ஆடுறானுங்க, ஜெயிக்கணும்ங்கற வெறியே கிடையாது. பேசாம கொரியாவோட டி1 டீம் பக்கம் போயிடலாமா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகர்)

பதில்: டி1 ஆட்டத்தை தாராளமா ரசிங்க, அவங்க ஸ்டார் ஃபேக்கர் ஆடுறதை ரசிக்க கொரியாவுலதான் பொறந்திருக்கணும்னு இல்ல, 2023, 2024, 2025னு தொடர்ந்து மூணு கப் அடிச்ச டீம். ஆனா அங்க போனா வலி தீந்துடும்னு நினைச்சுப் போகாதீங்க. 2013லேருந்து 2017 வரைக்கும் கப்பை விட்டே கொடுக்காத கொரியா, 2018ல சொந்த நாட்டுலயே வேர்ல்ட்ஸ் நடந்தப்ப ஒரு டீமைக்கூட அரையிறுதிக்கு அனுப்ப முடியாம நின்னுச்சு. அந்த வருஷம் கொரியாவோட அஃப்ரீக்கா ஃப்ரீக்ஸை கால் இறுதியில 3-0னு வீட்டுக்கு அனுப்புனது யாரு, உங்க க்ளவுட்9தானே? அதை நீங்க கேள்வியில எழுதவே இல்ல.

உங்க வலி நியாயமான வலி, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. 2022ல வேர்ல்ட்ஸ் உங்க கண்டத்துக்கே வந்துச்சு, குரூப் ஸ்டேஜ் நியூயார்க்ல, மூணு டீம், முதல் பாதியில ஒன்பது மேட்ச் ஆடி ஒன்பதும் தோல்வி. சொந்த ரசிகருங்க டிக்கெட் வாங்கி உக்காந்திருந்த அரங்கத்துல அது நடந்துச்சு. கடைசியில மூணு டீமும் ஆளுக்கு ஒரு ஜெயம், மொத்தம் 3-15. அந்த ஒத்த ஒத்த ஜெயத்துக்கு அரங்கமே எழுந்து கத்துச்சே, அந்தக் கத்தல்ல இருந்தது கேலி இல்ல, பாசம். அதே பாசம்தான் உங்ககிட்டயும் இருக்கு, அதை ஏன் கேலிக்குள்ள போட்டு மூடுறீங்கன்னுதான் எனக்குப் புரியல. முன்கூட்டியே கலாய்ச்சிட்டு உக்காந்தா தோத்தாலும் வலிக்காதுங்கறீங்க சரி, ஆனா 2023ல உங்க என்ஆர்ஜி, ஐரோப்பாவோட ஜி2வை 2-0னு தட்டிட்டு கால் இறுதிக்குப் போனப்பவும், 2024ல உங்க ஃப்ளைக்வெஸ்ட், அந்த வருஷ எம்எஸ்ஐ (சீசன் நடுவுல நடக்குற சர்வதேசப் போட்டி) சாம்பியனான கொரியாவோட ஜென்ஜியை அஞ்சாவது கேம் வரைக்கும் இழுத்துட்டுப் போனப்பவும் உங்களால முழுசா சந்தோஷப்பட முடிஞ்சுதா? கலாய்ச்சுக்கிட்டே பாக்குறவனுக்கு நல்ல ஆட்டம் கண்ணு முன்னாடி நடந்தாலும் உள்ள இறங்காது.

இப்ப அந்த "வெறி இல்ல" விஷயத்துக்கு வரேன், இதுலதான் எனக்கு உங்க மேல உண்மையாவே கோபம். வெறிங்கறது அக்டோபர் மாசம் பிளேன் ஏறும்போது பையில போட்டுக்கிட்டுப் போற சாமான் இல்ல. உங்க சர்வர் சிகாகோவுல இருக்கு, 2015ல அங்க மாத்துனாங்க, அது ஊர்ல உள்ள சாதாரண பிளேயருங்களுக்கு நல்லதுதான், ஆனா புரோ பிளேயருங்க இருக்குறது லாஸ் ஏஞ்சல்ஸ். அங்கேருந்து ஆடுனா கிட்டத்தட்ட 60 பிங், அதாவது க்ளிக் சர்வருக்குப் போய்த் திரும்ப 60 மில்லிசெகண்ட். கேக்க சின்ன விஷயமாத் தெரியும். லேன்ல, அதாவது எதிராளியோட மோதுற பாதையில நிக்குறீங்க, எதிராளி கை அசையுறது தெரியுது, ஸ்பெல் வருதுன்னு பாத்து ஒதுங்க க்ளிக் பண்றீங்க, க்ளிக் போய்ச் சேர்றதுக்குள்ள அடி விழுந்துடுது. இப்படியே தினமும் சோலோ க்யூ, அதாவது டீம் இல்லாம ஆன்லைன்ல தனியா சேந்து ஆடுற ஆட்டம், ஆடுனா பையனோட கை என்ன கத்துக்கும்? ஒதுங்கிப் பிரயோஜனம் இல்ல, ரெண்டு அடி தள்ளியே நில்லுன்னு கத்துக்கும். அப்புறம் வேர்ல்ட்ஸ் மேடையில பிங் கிட்டத்தட்ட பூஜ்யம், எதிர்ல நிக்குறவன் சியோல்ல சின்ன வயசுலேருந்து அந்த வேகத்துலயே ஆடி வளந்தவன், அவன் ஒவ்வொரு ஸ்பெல்லுக்கும் முன்ன வந்து அடிச்சிட்டுப் பின்ன போறான், இவன் தள்ளி நின்னு, அடிச்சா காசு தர்ற மினியனை விட்டுக் கொடுக்குறான். டிவியில பாக்குற நமக்கு அது பயமாத் தெரியும், சோம்பேறித்தனமாத் தெரியும். இதை சரிபண்ணத்தான் 2022ல லாஸ் ஏஞ்சல்ஸ்லயே சர்வர் போட்டு புரோக்களுக்குன்னு சாம்பியன்ஸ் க்யூங்கற தனிப் பயிற்சி ஆட்டம் ஆரம்பிச்சாங்க, உங்க லீக்கான எல்சிஎஸ் ஆரம்பிச்சு ஒன்பது வருஷம் கழிச்சு.

காசு போன வழியையும் பாருங்க. 2018ல லீக்ல நிரந்தர இடம் வேணும்னா பழைய டீமுங்களுக்கே 1 கோடி டாலர் ஃபீஸ். அவ்ளோ போட்டவன் அடுத்த வருஷமே ஜெயிக்கணும்னு நினைப்பான், பதினாறு வயசுப் பையனை எடுத்து மூணு வருஷம் வளக்குற பொறுமை எங்கேருந்து வரும்? வெளிநாட்டுலேருந்து பேர் வாங்குன ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க. நான் வந்தவங்களைக் குறை சொல்லல, கொரியாவுலேருந்து வந்த கோர்ஜேஜே மாதிரி ஆளுங்க இந்த ரீஜனுக்குச் செஞ்சது ரொம்பப் பெருசு, 2019 எம்எஸ்ஐ-ல அப்போதைய உலக சாம்பியன், சீனாவோட இன்விக்டஸை அவரோட டீம் லிக்விட் 3-1னு அடிச்சதுல அவருக்கும் பங்கு உண்டு. ஆனா 2023 மே மாசம் என்ன நடந்துச்சு? ஒவ்வொரு டீமும் கட்டாயம் ஒரு சேலஞ்சர்ஸ் டீம், அதாவது இளசுங்க ஆடுற ரெண்டாம் நிலை டீம் வச்சிருக்கணும்ங்கற விதியை எடுத்தாங்க, எடுத்த உடனே பெரும்பாலான டீமுங்க அந்தப் பசங்களைக் கழட்டி விட்டாங்க, விதைநெல்லை அவிச்சுத் தின்ன கதை. அதை எதிர்த்து வேலைநிறுத்தம் பண்றோம்னு ஓட்டு போட்டது யாரு தெரியுமா? நீங்க சம்பளத்துக்கு ஆடுறானுங்கன்னு சொல்றீங்களே, அதே எல்சிஎஸ் பிளேயருங்க. சொந்த வேலைக்கு ஆபத்துன்னு தெரிஞ்சே கீழ இருக்குற பசங்களுக்காக நின்னாங்க, சம்மர் சீசனே ரெண்டு வாரம் தள்ளிப்போச்சு. இதுக்கு மேல என்ன வெறி வேணும் உங்களுக்கு?

பத்து வருஷத்துக்கு மேல ரசிகன்கறீங்க, அதனால நேராவே கேக்குறேன். அந்த சேலஞ்சர்ஸ் லீக்ல எத்தனை மேட்ச் பாத்திருப்பீங்க? அது சிதைஞ்சப்ப கோபப்பட்டீங்களா? எனக்குத் தெரிஞ்சு நிறைய பழைய ரசிகருங்க பாக்குறதே இல்ல, அக்டோபர்ல முழிச்சு நவம்பர்ல திட்டிட்டுத் தூங்கிடுறாங்க. ஜென்ஜியை அஞ்சு கேம் இழுத்த ஃப்ளைக்வெஸ்ட்ல பாட் லேன், அதாவது கீழ்ப் பாதையில ஜோடியா ஆடுற ரெண்டு பேரும், மாசுவும் பூசியோவும், கீழ் டீமுங்கல்ல ஆடி ஏறி வந்த உள்ளூர்ப் பசங்க. அவங்க ஏறி வந்த படிக்கட்டைத்தான் இடிச்சாங்க, அங்க காட்ட வேண்டிய கோபத்தைக் கொண்டுபோய் மேடையில தோத்து தலை குனிஞ்சு ஹெட்செட் கழட்டுற பையன் மேல காட்டுறீங்க.

2025ல லீக்குக்கு எல்டிஏன்னு பேரை மாத்தி பிரேசில், லத்தீன் அமெரிக்காவோட சேத்துப் பாத்தாங்க, ஒரே வருஷத்துல அதையும் கலைச்சிட்டு மறுபடி எல்சிஎஸ்னே வந்துட்டாங்க. அதைப் பத்திப் பேச ஒண்ணும் பெருசா இல்ல, பேரு மாறுனதால எந்தப் பையனுக்கும் ஆட இடம் கூடல.

அதனால டி1 ஜெர்சி வேணும்னா வாங்கிக்கங்க, அது உங்க இஷ்டம். ஆனா இந்த வாரமே சேலஞ்சர்ஸ் லெவல் மேட்ச் ஒண்ணை முதல்லேருந்து கடைசி வரைக்கும் பாருங்க, அதுல நல்லா ஆடுற ஒரு பையனோட பேரைக் குறிச்சு வச்சுக்கங்க, அவன் ஆடுற அடுத்த மேட்சையும் பாருங்க, ஸ்பான்சர்காரங்க எண்ணுற தலையில உங்க தலையும் ஒண்ணா இருக்கட்டும். அந்தப் பேரு யாருதுன்னு எனக்கும் எழுதுங்க, நானும் பாக்குறேன்.