‘டு’ வருமா, ‘இங்’ வருமா? பட்டியலை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா?

எந்த ஆங்கில வினைக்குப் பின் ‘டு’ வரும், எதற்குப் பின் ‘இங்’ வரும் என்ற பட்டியலைப் பலமுறை படித்தும் எழுதும்போது கை நின்றுவிடுகிறது என்கிறீர்கள். நான் ஆங்கில ஆசிரியன் அல்லன்; கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவன். ஆனாலும் இந்த இடத்தில் நன்றாகச் சறுக்கி விழுந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய கோப்பை மறந்துவிட்டேன். அவர் கேட்டதும், ‘ஐ ஃபர்காட் சென்டிங் த ஃபைல்’ என்று பதில் எழுதினேன். ‘ஃபர்காட் டு சென்ட்’ என்பது பள்ளிக்கூடத்து நடையாகவும், ‘சென்டிங்’ சற்று மெருகேறியதாகவும் அன்று எனக்குத் தோன்றியது. அவரோ கோப்பு ஏற்கெனவே வந்துவிட்டது, அனுப்பியதுதான் இந்த ஆளுக்கு நினைவில்லை என்று புரிந்துகொண்டு, மின்னஞ்சல் பெட்டி முழுவதையும், ஸ்பேம் பகுதியையும்கூடத் துழாவியிருக்கிறார். மறுநாள் மேலாளர் அந்த வரியைத் திரையில் காட்டி, “அனுப்பினீங்களா, இல்லையா?” என்றார். “அனுப்ப மறந்துட்டேன் சார்” என்றேன். “அப்புறம் ஏன் அனுப்பினதை மறந்துட்டேன்னு எழுதியிருக்கீங்க?” என்று கேட்டார்.

அவர் இலக்கணம் எதுவும் சொல்லவில்லை. தமிழில் ஒரு கேள்வி கேட்டார், அவ்வளவுதான். ‘அனுப்ப மறந்தேன்’ என்பது ‘டு’. ‘அனுப்பியதை மறந்தேன்’ என்பது ‘இங்’. இந்த வேறுபாட்டை நாம் பேச்சில் ஒருநாளும் தவறவிடுவதில்லை. ‘புகைபிடிக்க நின்றார்’ என்றால் ‘ஸ்டாப்டு டு ஸ்மோக்’, ‘புகைபிடிப்பதை நிறுத்தினார்’ என்றால் ‘ஸ்டாப்டு ஸ்மோக்கிங்’. ‘திறக்க முயன்றேன்’ என்பது ‘ட்ரைடு டு ஓப்பன்’. ‘திறந்து பார்த்தேன்’ என்பது ‘ட்ரைடு ஓப்பனிங்’. எனக்கு மிகவும் பிடித்தது ‘மறு’ என்ற வினை: ‘எடுக்க மறுத்தான்’ என்றால் ‘ரெஃப்யூஸ்டு டு டேக்’, ‘எடுத்ததை மறுத்தான்’ என்றால் ‘டினைடு டேக்கிங்’. ஆங்கிலத்துக்கு இரண்டு வினைகள் தேவைப்படும் இடத்தில், தமிழ் ஒரே வினையை வைத்துக்கொண்டு முன்னால் வரும் சொல்லின் வடிவத்தாலேயே பொருளைப் பிரித்துவிடுகிறது. செய்ய, போக, எடுக்க என்னும் எச்சம் பெரும்பாலும் இனி நடக்க வேண்டியதைச் சுட்டும். செய்வதை, செய்ததை என்பது செயலையே ஒரு பொருளாக்கிக் கையில் கொடுக்கும். ‘வாண்ட்’, ‘ஹோப்’, ‘டிசைட்’ ஆகியவை ‘டு’வையும், ‘என்ஜாய்’, ‘அவாய்ட்’ ஆகியவை ‘இங்’கையும் ஏற்பதன் பின்னணியும் ஏறக்குறைய இதுவே.

மொழிபெயர்த்து எழுதினால் ஆங்கிலம் வராது என்று யாராவது பின்னூட்டத்தில் சொல்வார்கள். முழு வாக்கியத்தையும் மொழிபெயர்க்கும்படி நான் சொல்லவில்லை. ஐயம் வரும் ஒரே ஒரு சொல்லை மட்டும் உரசிப் பார்க்கச் சொல்கிறேன். அகர வரிசைப் பட்டியலைத் திணித்த பாடநூல்களில் ஒன்றாவது இந்த இரு தமிழ் வடிவங்களை அருகருகே வைத்துக் காட்டியிருந்தால், எனக்கு அந்த மின்னஞ்சல் நேர்ந்திருக்காது என்ற ஆதங்கம் இன்றும் உண்டு.

தமிழ் காலை வாரிவிடும் இடங்களும் உண்டு. ‘எழுதத் தொடங்கினேன்’ என்றுதான் நாம் சொல்வோம். ஆங்கிலத்தில் ‘ஸ்டார்ட்’ இரண்டையும் ஏற்கும், பொருளும் பெரிதாக மாறாது. ‘சஜஸ்ட்’ என்பதற்குப் பின் நேரடியாக ‘டு கோ’ வராது, ‘கோயிங்’தான் வரும். எல்லாவற்றிலும் மோசமானது ‘லுக் ஃபார்வர்ட் டு’. ‘சந்திக்க ஆவலாக இருக்கிறேன்’ என்று மனத்தில் ஓடுவதால் கை தானாக ‘டு மீட்’ என்று எழுதிவிடுகிறது. சரியானது ‘டு மீட்டிங்’. அங்குள்ள ‘டு’ வினையோடு ஒட்டியது அன்று, ‘இன்’, ‘ஆன்’ போன்ற முன்னிடைச்சொல். ஐயமிருந்தால் அந்த ‘டு’வுக்குப் பின் ஒரு பெயர்ச்சொல்லை வைத்துப் பாருங்கள்: ‘லுக் ஃபார்வர்ட் டு யுவர் லெட்டர்’ நிற்கும், ‘வாண்ட் டு யுவர் லெட்டர்’ நிற்காது.